கிளட்ச் கால்

கேசவனின் இடது பாதத்தில் மூன்று விரல்கள் இருக்கின்றன. சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் 2022 செப்டம்பரில் போயின. மீதி மூன்றில் பெருவிரலுக்கு மட்டும்தான் உணர்ச்சி உண்டு. கேசவன் அதைக் குறையாகச் சொல்வதில்லை. கேட்டால் சொல்வார், அவ்வளவுதான்.

வயது நாற்பத்தொன்பது. இரும்புலியூர்க்காரர். ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி, ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் இயங்கும் குமரவேல் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கால் போவதற்கு முன்பே அங்கே பதினெட்டு வருடம் முடித்திருந்தார். பயிற்சிக் காரில் ஓட்டுபவருக்கு மூன்று பெடல்கள் இருக்கும். அது போக, பக்கத்தில் உட்காருகிற இன்ஸ்ட்ரக்டரின் காலடியிலும் அவற்றோடு இணைந்த இரண்டு உண்டு, கிளட்ச் ஒன்று, பிரேக் ஒன்று. வலது கால் பிரேக்கின் மேலும் இடது கால் கிளட்ச்சின் மேலுமாக, அந்த இரண்டின் மேலேயே கேசவன் தன் முப்பதுகளைக் கழித்திருந்தார்.

அவரிடம் கற்றுக்கொள்பவர்களுக்கு வண்டி நடுரோட்டில் நின்றுபோவதில்லை என்று ஒரு பேச்சு இருந்தது. பெருங்களத்தூர், செம்பாக்கம், ஊரப்பாக்கம் என்று எங்கெங்கிருந்தோ வருபவர்கள் கேசவன் சார்தான் வேண்டும் என்று கேட்டு வருவார்கள். பதினைந்து வகுப்பில் கையைப் பிடித்துக் கரை சேர்த்துவிடுவார் என்று குமரவேல் எல்லோரிடமும் சொல்லுவான். குமரவேல் முதலாளி. கேசவனைவிடப் பத்து வயது சின்னவன் என்பதால் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவான்.

கிறிஸ்டினா 2022 ஜூலையில் சேர்ந்தார். குரோம்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் தலைமை நர்ஸ். அப்போது ஐம்பத்தாறு வயது. வீட்டில் கார் இருந்தது. அதை ஓட்டிக்கொண்டிருந்த கணவர் ஆல்வினுக்குக் கண்ணில் நீர் அழுத்த நோய் வந்து, பக்கவாட்டில் வருகிற எதுவும் தெரியாமல் போய்விட்டது. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். கார் செம்பாக்கத்து வீட்டு வாசலில் துணி போர்த்தி நின்றது. யாராவது ஓட்ட வேண்டும், நான்தான் மிச்சம் என்று சேரும்போதே சொன்னார்.

பதினான்கு வகுப்புகள் நன்றாகப் போயின. வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை. பதினைந்தாவது வகுப்புக்கு, ரிவர்ஸ் எடுத்து நிறுத்தும் பயிற்சிக்காக, செம்பாக்கம் ஏரிப் பக்கம் புதிதாகப் பிரித்துப்போட்ட ஒரு லேஅவுட்டுக்கு வண்டியைக் கொண்டுபோகச் சொன்னார் கேசவன். அங்கே வீடுகள் இன்னும் வரவில்லை. தெருக்கள் மட்டும் வந்திருந்தன. மனைக்கு மனை எண் எழுதிய கற்கள் நட்டிருந்தார்கள், சில சாய்ந்து கிடந்தன. காலை ஏழு மணி. தெருவில் யாரும் இல்லை.

முன் சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அவருக்குக் காட்டுவதற்காகக் கேசவன் வண்டியிலிருந்து இறங்கினார். வகுப்பு நடக்கும்போது அவர் இறங்கியது அதுதான் முதல் தடவை. வலது முன் சக்கரத்துக்குப் பக்கத்தில், சாய்ந்து கிடந்த ஒரு மனைக்கல்லின் மேல் இடது காலை வைத்து நின்றார். ஸ்டியரிங்கை ஒரு சுற்று முழுக்கத் திருப்பச் சொன்னார். கிறிஸ்டினா திருப்பினார். கையை எடுத்தாலும் சக்கரம் திரும்பிய பக்கமே நிற்கும் என்று காட்ட நினைத்து, "இப்ப விடுங்க" என்றார்.

பதினான்கு வகுப்பாக அவர் "விடுங்க" என்று சொன்னதெல்லாம் கிளட்ச்சைத்தான். கிறிஸ்டினா கிளட்ச்சை விட்டார். வழக்கமாக எப்படி விடுவாரோ அப்படியே, காலை ஒரேயடியாகத் தூக்கி. கியர் ஒன்றில் இருந்தது. ஹேண்ட் பிரேக் அரைகுறையாகத்தான் ஏறியிருந்தது. வண்டி தவளை மாதிரி ஒரு தாவு தாவி, கல்லின் மேல் ஏறி, இன்ஜின் அணைந்து நின்றது.

"மேடம்," என்றார் கேசவன். "வண்டி என் கால் மேல கீது."

கிறிஸ்டினா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தார். "எடுக்கவா சார்?"

"எடுக்கணும். முன்னாடி வேணாம், பின்னாடி. கிளட்ச்ச ஃபுல்லா அமுக்கிக்கினு ஸ்டார்ட் பண்ணுங்க."

வண்டி ஸ்டார்ட் ஆனது.

"ரிவர்ஸ் போடுங்க. விழுந்திச்சான்னு பாத்துக்குங்க. இப்ப கிளட்ச்ச ஒரு நூல் விடுங்க. ஒரேயடியா விட்டீங்கன்னா ஆஃப் ஆகி என் மேலயே நின்னுடும். வண்டி லேசா நடுங்கும், அந்த எடத்துல கால நிறுத்திக்குங்க."

"நடுங்குது சார்."

"வண்டியா, காலா?"

"ரெண்டும்."

"பரவால்ல. ஹேண்ட் பிரேக்க எறக்குங்க. அப்படியே இன்னொரு நூல்."

வண்டி அரை அடி பின்னால் போனது. கல்லிலிருந்து இறங்கி, கொஞ்சமும் குலுங்காமல் நின்றது. கிறிஸ்டினா வாழ்க்கையில் முதல்முறையாகச் செய்த சரியான ஹாஃப் கிளட்ச் அது. கேசவன் அப்படியே அதைச் சொல்லவும் செய்தார். அதன் பிறகுதான் வலி வந்து சேர்ந்தது, அவர் தெருவில் உட்கார்ந்தார்.

கிறிஸ்டினா இறங்கி வந்தபோது நர்ஸாகிவிட்டிருந்தார். செருப்பைக் கழற்றாதீர்கள் என்றார். வண்டி துடைக்கும் துணியை வேண்டாமென்று எறிந்துவிட்டு, தன் கைப்பையிலிருந்த துண்டால் பாதத்தைச் சுற்றினார். மருத்துவமனைக்கு இரண்டு போன் பேசினார். பிறகு இருவரும் காரைப் பார்த்தார்கள். ஓட்டத் தெரிந்தவருக்குக் கால் இல்லை, கால் இருந்தவருக்கு ஓட்டத் தெரியாது. கார் அங்கேயே நிற்க, ஆட்டோ வரவழைத்துப் போனார்கள். கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு வண்டியைக் கையால் பின்னுக்குத் தள்ளியிருக்கலாமே என்பது சேலையூர் தாண்டும்போதுதான் கிறிஸ்டினாவுக்குத் தோன்றியது. அதைச் சொன்னார். கேசவன் ஆமாம் என்றார்.

பாதத்தின் நடு எலும்புகள் ஐந்து உடைந்திருந்தன. தகடும் திருகாணிகளும் வைத்தார்கள். அங்கே எடுத்த ரத்தப் பரிசோதனையில் கேசவனுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. எவ்வளவு நாளாக இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அதனால் புண் ஆறவில்லை. மூன்றாவது வாரம் இரண்டு விரல்கள் கறுத்தன, எடுத்துவிட்டார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்துப் பாதத்தின் மேல் ஒட்டினார்கள். கேசவனின் மனைவி கீதா மருந்துக் கடையில் வேலை செய்பவர். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைப் பெயர்களைப் படித்ததுமே நிலவரம் அவருக்குப் புரிந்துவிடும். கணவரிடம் பாதியைத்தான் சொல்லுவார்.

விபத்தைப் பற்றி எழுதிக்கொள்ள போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்தார். எல்-போர்டு வண்டி என்றால் பொறுப்பு இன்ஸ்ட்ரக்டர் மேல்தான் வரும் என்று கேசவனே எடுத்துச் சொன்னார். அப்படியானால் உங்கள் காலில் நீங்களே ஏற்றிக்கொண்டீர்கள் என்று எழுதவா என்று வந்தவர் கேட்டார். வேறு மாதிரி எழுத வழியில்லை என்பதால் அவர் ஏறக்குறைய அப்படியே எழுத, கேசவன் கையெழுத்துப் போட்டார்.

எழுந்து நடக்க நான்கு மாதம் ஆனது. நடை அதன் பிறகு பழைய நடையாக இல்லை. பாதத்தின் வெளி ஓரம் போய்விட்டதால் உடம்பு இடப்பக்கம் சரியும். அதைச் சமாளிக்க வலது இடுப்பைத் தூக்கி வைப்பார். மாலையானால் பாதம் வீங்கி, காலையில் போட்ட செருப்பு மாலையில் நுழையாது. ஒரே மாதிரிச் செருப்பில் இரண்டு ஜோடி வாங்கி, எட்டாம் நம்பரை வலதிலும் பத்தாம் நம்பரை இடதிலும் போட்டுக்கொள்வார். மிஞ்சிய இரண்டையும் எறிய மனம் வராமல் பரணில் வைத்திருக்கிறார். அந்த மாதிரி ஆள் வேறு யாராவது எதிர்மாறாக இருந்தால் கொடுக்கலாம் என்று கீதாவிடம் சொல்லியிருக்கிறார்.

அடிப்பாதத்தில் உணர்ச்சி இல்லாததுதான் பெரிய தொல்லை. ஒரு நாள் ஸ்கூல் ஆபீஸில் குண்டூசி ஏறி, மாலைவரை அவருடனேயே இருந்து வீடு வந்தது. அதிலிருந்து தினமும் இருட்டுவதற்கு முன் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து அடிப்பாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது கீதாவின் சட்டம். 2023 ஏப்ரலில் ஒரு உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய், கோயில் பிராகாரத்தில் வெயிலில் செருப்பில்லாமல் நின்று பேசிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் காலை மாற்றி மாற்றி வைத்துத் தவித்துக்கொண்டிருந்தார்கள். கேசவன் வலது காலைத் தூணின் நிழலில் வைத்துக்கொண்டு நிம்மதியாக நின்றார். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தபோது அடிப்பாதம் கொப்பளித்திருந்தது. அந்தப் புண் ஆற இன்னும் ஐந்து மாதம்.

காலைப் பார்க்கும் எல்லோரும் "சுகரா?" என்று கேட்பார்கள். நடந்ததைச் சொல்வதைவிட ஆமாம் என்பது சுருக்கம் என்பதால் ஆமாம் என்பார். ஊனமுற்றோர் சான்றிதழுக்காக ஒரு முகாமுக்கும் போனார். டாக்டர் பொறுமையாக அளந்து பார்த்து, முப்பத்திரண்டு சதவீதம் வருகிறது, நாற்பது இருந்தால்தான் சலுகைகள் என்றார். மீதி எட்டுக்கு இன்னும் எத்தனை விரல் போக வேண்டும் என்று கேசவன் கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். டாக்டர் கணக்குப் போட்டுப் பார்த்து, அப்படியெல்லாம் சொல்ல முடியாது என்றார்.

கிறிஸ்டினா சனிக்கிழமைதோறும் இரும்புலியூர் வந்தார். கட்டுப் பிரித்து, கழுவி, மருந்து வைத்து, திரும்பக் கட்டுவார். கிறிஸ்துமஸுக்கு பிரியாணி கொண்டுவந்தார், சர்க்கரைக்காரருக்கு என்று கேக் மட்டும் கொண்டுவரவில்லை. விபத்துக்குப் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஆல்வினை ஆட்டோவில்தான் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தார்.

குமரவேல் கேசவனை ஆபீஸில் உட்கார வைத்தான். எல்.எல்.ஆர். விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. கேசவன் ஒற்றை விரலில் டைப் அடிப்பவர். ஒரு விண்ணப்பத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகும், வருபவர்கள் தாங்களே நாற்காலியை இழுத்துப்போட்டு அடித்துவிட்டுப் போவார்கள். ஐந்து மாதம் இப்படிப் போனபின், ரோட்டுக்கு வருகிறேன் என்று கேசவன் சொன்னார். சரி பார்க்கலாம் என்று குமரவேல் தானே ஸ்டூடண்ட் இடத்தில் உட்கார்ந்து சர்வீஸ் ரோட்டில் வண்டியை எடுத்தான். கேசவனின் இடது காலுக்கு கிளட்ச் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. குனிந்து பார்த்துத்தான் வைக்க வேண்டியிருந்தது. வைத்தால் கணுக்கால் மடங்கவில்லை, பாதம் வழுக்கிக் கீழே விழுந்தது. மூன்று தடவை பார்த்தார்கள்.

"ஆபீஸ்லயே இருங்கண்ணா," என்றான் குமரவேல். "நீங்க இல்லன்னா ஃபார்ம் எல்லாம் யாரு பாக்குறது?"

அவன் நல்லபடியாகத்தான் சொன்னான். கேசவன் அன்று மதியம் சாப்பிடாமல் யோசித்தார். வண்டியை நிறுத்த பிரேக் வேண்டும், அதற்கு வலது கால் இருக்கிறது. கிளட்ச் ஓட்டுபவர் அழுத்த வேண்டியது. ஓட்டுபவருக்கு இரண்டு காலும் இருக்கும். அப்படியானால் இன்ஸ்ட்ரக்டரின் இடது கால் எதற்கு? யோசித்துப் பார்த்ததில் அவருக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. குமரவேலிடம் இதைச் சொன்னார். அப்படிக் கற்றுக்கொள்ள ஒரே ஒரு ஆளைப் பிடித்துக் காட்டுங்கள், பார்க்கலாம் என்றான்.

மறுக்க முடியாத ஒரே ஒரு ஆள்தான் கேசவனுக்குத் தெரிந்தவர். அந்தச் சனிக்கிழமை கிறிஸ்டினா கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

"என்னால முடியாது சார். பெடலப் பாத்தாலே உங்க கால்தான் ஞாபகம் வரும்."

"கிளட்ச் அமுக்காத வாத்தியார்கிட்ட வேற யாரு மேடம் வருவாங்க?"

கிறிஸ்டினா கட்டை முடித்தார். பாதம் இன்னும் அவர் மடியில் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பழைய எல்.எல்.ஆர். காலாவதியாகிவிட்டது, புதிதாகப் போட வேண்டும் என்றார்.

ஆகஸ்ட் மாதம் வகுப்பு தொடங்கியது. இரும்புலியூரிலிருந்து பெருங்களத்தூர் போகிற சர்வீஸ் ரோட்டில், காலை ஆறரை மணிக்கு. ஸ்கூல் வாசலிலேயே வண்டி நின்றது. ஐம்பதடி போய் மறுபடி நின்றது. கேசவன் வலது காலை பிரேக்கில் வைத்து, இடது காலைக் கதவோரம் நீட்டி உட்கார்ந்திருந்தார். பின்னால் வந்த ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்து அடித்து, கடைசியில் அதன் டிரைவர் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார். முதல் நாள் பதினோரு தடவை நின்றது. இரண்டாம் நாள் பதினான்கு.

மூன்றாம் நாள் கிறிஸ்டினா வண்டியை ஓரம் கட்டி, முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "போன வருஷம் பதினாலு கிளாஸ்ல ஒரு தடவைகூட ஆஃப் ஆகலையே சார். அப்ப எப்படி எனக்கு வந்துச்சு?"

பயம்தான் மேடம் என்று சொல்ல கேசவன் வாயெடுத்தார். அது பாதியில் நின்றது. போன வருடம் கிறிஸ்டினா கிளட்ச்சை விடும்போதெல்லாம் தன் இடது கால் என்ன செய்துகொண்டிருந்தது என்பது அவருக்கு நினைவு வந்தது. அது அழுத்திக்கொண்டிருந்தது. கிறிஸ்டினா பட்டென்று காலைத் தூக்கினாலும், பக்கத்தில் இவர் கால் பெடலைப் பிடித்து மெதுவாக மேலே விட்டுக்கொண்டிருந்தது. வேண்டுமென்று செய்ததில்லை. முதல் வருடத்தில் எப்போதோ, பின்னால் பஸ் நின்றபோது ஒரு ஸ்டூடண்டுக்காகச் செய்ய ஆரம்பித்தது. பிறகு காலே பார்த்துக்கொண்டது. அவருக்குத் தெரியாமல் பதினெட்டு வருடம் பார்த்துக்கொண்டது. நிற்காத வண்டி என்று பேர் வாங்கியதும் அதுதான்.

பதினைந்தாவது வகுப்பில் அவர் இறங்கியபோது அந்தக் காலும் கூடவே இறங்கிவிட்டது. கிறிஸ்டினா எப்போதும் விடுவதுபோலத்தான் விட்டார். கீழே பிடிக்க ஆள் இல்லை. கால் வண்டிக்கு வெளியே, கல்லின் மேல் இருந்தது.

"பாக்கலாம் மேடம், வந்துரும்," என்று மட்டும் அன்று சொன்னார்.

இதை இரண்டு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீதா கண்ணாடியைத் தரையில் வைத்து அவர் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொன்னார். கீதா பாதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டார்.

"அவங்களாண்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"சொன்னா சனிக்கெழம வர மாட்டாங்கன்னுதானே?"

கேசவன் யோசித்துப் பார்த்தார். அதுவும் இருந்தது. ஒரு வருடமாக வாரம் ஒரு முறை ஒருவர் வந்து, அவர் காலை மடியில் வைத்து, குற்ற உணர்ச்சியோடு பார்த்துக்கொள்வது அவருக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பது அதுவரை அவருக்குத் தெரியவில்லை. கீதாவிடம் ஆமாம் என்றார்.

"இன்னா மனுசன் நீங்க," என்றார் கீதா. கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டு இட்லிக்கு மாவு கரைக்கப் போனார்.

புதன்கிழமை வகுப்பில் செம்பாக்கம் ஏரிக்கரையோரம் வண்டியை நிறுத்தச் சொன்னார். கியரை நியூட்ரலில் போடச் சொல்லி, ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுக்கச் சொல்லி, சாவியையும் வாங்கிக்கொண்டார். பிறகு சொன்னார். முதலில் இருந்து, தன் காலைப் பற்றி, கல்லைப் பற்றி, எல்லாவற்றையும். கிறிஸ்டினா முன்கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தன பேருக்கு இப்படி அமுக்கியிருக்கீங்க?"

"எல்லாருக்கும் மேடம்."

"எத்தன வருஷமா?"

"பதினெட்டு."

"அவங்க எல்லாரும் இப்ப ரோட்ல ஓட்டிட்டு இருக்காங்களா?"

"இருப்பாங்க மேடம்."

கிறிஸ்டினா ஏரிப் பக்கம் திரும்பினார். ஏரியில் ஆகாயத்தாமரை வாரும் இயந்திரம் ஒன்று வேலை செய்துகொண்டிருந்தது. அதன் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒரு வருஷமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை முழங்கால் போட்டு இந்தக் காலுக்காக மன்னிப்பு கேட்டிருக்கேன் சார்," என்றார். "ஆல்வின்கிட்டகூட, என்னால ஒரு குடும்பம் இப்படி ஆயிடுச்சேன்னு அழுதிருக்கேன். சாவியக் குடுங்க."

கேசவன் சாவியைக் கொடுத்தார். கிறிஸ்டினா வண்டியை எடுத்தார். செம்பாக்கத்திலிருந்து இரும்புலியூர்வரை, காலை நேரத்து நெரிசலில், பள்ளிக்கூட வேன்களுக்கு நடுவே, வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை. அதை எடுத்துச் சொல்லலாமா என்று கேசவன் யோசித்தார், சொல்லவில்லை. ஸ்கூல் வாசலில் நிறுத்தி, சாவியை அவர் கையில் வைத்துவிட்டு, கிறிஸ்டினா ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

இரண்டு சனிக்கிழமை வரவில்லை. கீதா கட்டுப் போட்டார். மூன்றாவது சனிக்கிழமை பதினோரு மணிக்கு வழக்கமான பையோடு வந்தார். கீதா போட்டிருந்த கட்டைப் பிரித்துப் பார்த்து, பிளாஸ்திரியை இவ்வளவு இறுக்கி ஒட்டக்கூடாது, தோல் பிய்ந்துவரும் என்றார். புண் ஏறக்குறைய மூடியிருந்தது. இனிமேல் கட்டு வேண்டாம், எண்ணெய் தடவினால் போதும் என்றார். அதாவது சனிக்கிழமை வரவேண்டிய வேலை முடிந்தது. கிளம்பும்போது, திங்கட்கிழமை ஆறரைக்கு வகுப்பு உண்டா என்று கேட்டார். உண்டு என்றார் கேசவன்.

நவம்பரில் கிறிஸ்டினாவுக்கு டெஸ்ட். முதல் தடவை ரிவர்ஸில் கோட்டைத் தாண்டிவிட்டார். இரண்டாம் தடவை பாஸ். லைசென்ஸ் வந்த அன்று குமரவேல் கேசவனைக் கூப்பிட்டு, சரி, ஒரு நாளைக்கு நாலு கிளாஸ் எடுங்கள் என்றான். முன்பு ஒன்பது எடுத்தவர். நாலு போதும், அதற்கு மேல் கால் தாங்காது என்று அவரும் ஒத்துக்கொண்டார். தன் காலடியிலிருக்கும் கிளட்ச் பெடலைக் கழற்றிவிட்டால் பாதத்தை நீட்டிக்கொள்ள வசதியாக இருக்கும் என்று கேட்டுப் பார்த்தார். அது இல்லையென்றால் இது பயிற்சி வண்டியே இல்லை என்று குமரவேல் சொல்லிவிட்டான். பெடல் இருக்கிறது. கேசவன் அதற்குப் பக்கத்தில் காலை வைத்துக்கொள்கிறார்.

ஸ்கூலுக்கு இருந்த நல்ல பேரும் மாறியது. இன்ஸ்ட்ரக்டர் எந்த உதவியும் செய்வதில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று இணையத்தில் ஒருவர் எழுதினார். நாற்பது வண்டி பின்னால் நிற்கும்போதும் 'நீங்களே எடுங்க மேடம்' என்கிறார் என்று இன்னொருவர். பதினைந்து வகுப்பில் முடிந்தது இப்போது இருபத்திரண்டு ஆகிறது. பாதிப் பேர் இடையில் போய்விடுவார்கள். ஆனால் முன்பு வராத ஒரு வகை ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். லைசென்ஸ் வைத்துக்கொண்டு ஓட்டத் தெரியாதவர்கள். ஆறு வருடமாக, எட்டு வருடமாக பர்ஸில் லைசென்ஸ் இருக்கும், வண்டியை எடுத்தால் நின்றுவிடும், அதனால் எடுப்பதில்லை என்பார்கள். அவர்களில் சிலரைக் கேசவனுக்கு முன்பே தெரியும். அவரிடம் கற்று, நிற்காத வண்டியில் பாஸானவர்கள்.

ஊரப்பாக்கத்திலிருந்து வந்த சுப்ரஜா என்ற கல்லூரி ஆசிரியை, உங்களிடம் படிக்கும்போது எவ்வளவு நன்றாக ஓட்டினேன் சார், அப்புறம் என்ன ஆனதென்றே தெரியவில்லை என்று வருத்தப்பட்டார். கேசவன் இப்போதெல்லாம் மறைப்பதில்லை. அப்போது ஓட்டியது நீங்கள் இல்லை மேடம், நான் என்றார். சுப்ரஜா சிரித்தார், அடக்கமாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு. சர்வீஸ் ரோட்டில் ஏழாவது தடவை வண்டி நின்றபோது சிரிப்பை நிறுத்திவிட்டு, மெய்யாகவேவா சார் என்று கேட்டார்.

கால் மோசமாகிக்கொண்டுதான் வருகிறது. இந்த வருடம் கணுக்காலில் தேய்மானம் என்றார்கள். மழைக்கு முந்தின நாள் வலி வரும். தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படிகளில் ஏறிவிடுவார், இறங்குவதுதான் சிரமம். எலும்பு டாக்டர் மூட்டை ஒன்றாக இணைத்துத் திருகிவிடலாம் என்கிறார். வலி போகும், ஆனால் கணுக்கால் இனி எப்போதும் மடங்காது. இப்போதும் அது மடங்குவதில்லை என்று கேசவன் சொன்னார். டாக்டர் நல்லது, அப்படியானால் பழகிவிடும் என்றார்.

இரண்டாவது டாக்டர் ஒருவரையும் கேட்டுவிடலாம் என்று கிறிஸ்டினா சொல்லி, போன மாதம் அவரே தன் காரில் கூட்டிப்போனார். ஆல்வின் பின்சீட்டில் உட்கார்ந்து, தனக்குத் தெரியாத பக்கத்தில் என்னென்ன வருகிறது என்று கேட்டுக்கொண்டே வந்தார். கீதா அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். மருத்துவமனையின் கார் நிறுத்தம் மாடியில் இருந்தது. ஏறும் வளைவுச் சரிவில் முன்னால் மூன்று வண்டிகள் நின்றன, பின்னால் ஒரு ஆம்புலன்ஸ் வந்து ஒட்டி நின்றது. கிறிஸ்டினா ஹேண்ட் பிரேக்கை இழுத்துக் காத்திருந்தார். முன்வண்டி நகர்ந்ததும் கிளட்ச்சை ஒரு நூல் விட்டு, நடுங்குகிற இடத்தில் நிறுத்தி, பின்னால் ஒரு அங்குலம்கூட உருளாமல் மேலே ஏற்றினார்.

கேசவன் கிறிஸ்டினாவுக்குப் பக்கத்து சீட்டில் இருந்தார். அவரது இடது கால் சும்மா இருந்தது. வலது கால் மட்டும் முழு பலத்தோடு தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அது கிறிஸ்டினாவின் சொந்தக் கார், அந்தப் பக்கம் பிரேக் கிடையாது.

"கால எடுங்க சார்," என்றார் கிறிஸ்டினா, ரோட்டைப் பார்த்தபடியே. "மேட் கிழிஞ்சிரும்."